கிரெடிட் கிடைக்கும், ஆனால் எந்தக் கட்டத்தில் விழும்?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறாள். பள்ளியில் ஏபி, அதாவது காலேஜ் தரத்துப் பாடமும் தேர்வும், எடுக்கச் சொல்கிறார்கள். தெரிந்தவர்களோ, பள்ளியில் இருந்தபடியே காலேஜ் பாடம் படிக்கலாம், "டூயல் கிரெடிட் எடுங்க, ரெண்டு வருஷம் மிச்சம்" என்கிறார்கள். டாக்டராக வேண்டும், இல்லையென்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்கிறாள் மகள். நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். இந்தக் கிரெடிட் கணக்கே பிடிபடவில்லை. எதை எடுப்பது? உண்மையிலேயே காசு மிச்சமாகுமா?

பதில்:

மிச்சமாகும். ஆனால் "ரெண்டு வருஷம்" என்று சொன்னவரிடம், அவர் பிள்ளை காலேஜில் என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தான் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் டெக்சஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேறு இடத்தில் படித்துவிட்டு வருகிறவர்களின் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை வாங்கி, எந்தப் பாடம் எங்களுடைய எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பார்த்துப் பதிவதுதான் பதினைந்து வருஷமாக என் பிழைப்பு. என் பிள்ளைகள் இருவரும் இந்த வழியில்தான் போனார்கள். மூத்தவனிடம் செய்த தப்பை இளையவளிடம் செய்யவில்லை. அந்த அளவுக்குத்தான் என் ஞானம்.

முதலில், நாம் படித்த முறையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்க வேண்டும். நமக்கு பிளஸ் டூ ஒரு மதில். நம் காலத்தில் பிளஸ் டூ கணக்கில் 200க்கு 200 வாங்கியவனும் பி.இ. சேர்ந்தால் முதல் செமஸ்டரில் எம்-1 எழுதித்தான் ஆக வேண்டும். "இதெல்லாம் ஸ்கூலிலேயே படிச்சிட்டேன் சார்" என்றால் சிரிப்பார்கள். இங்கே அந்த மதிலில் கதவு உண்டு. பட்டம் என்பது கிரெடிட் மணிகளின் கூட்டல். ஒரு சாதாரணப் பாடம் 3 மணி, லேப் இருந்தால் 4. பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 மணி. செமஸ்டருக்கு 15 வீதம் எட்டு செமஸ்டர். ஹைஸ்கூலில் இருக்கும்போதே 30 மணி சேர்த்துவிட்டால் மிச்சம் 90, அதாவது ஆறு செமஸ்டர். கணக்கு இவ்வளவு சுலபம். இந்தச் சுலபத்தை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த 120 ஒரே உண்டியல் கிடையாது, அஞ்சறைப் பெட்டி. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 42 மணி பொதுப்பாடங்கள், கோர் என்பார்கள். இங்கிலீஷ், வரலாறு, அரசியல், கணக்கு, அறிவியல், கலை என்று அதற்குள்ளும் தனித்தனி அறைகள். பிறகு மேஜர் பாடங்கள், அதற்கு முன்தேவையான பாடங்கள். கடைசியில் கொஞ்சம் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். கடுகு அறை நிறைந்தபின் இன்னும் கடுகு கொண்டுவந்தால் அதைச் சீரக அறையில் போட விடமாட்டார்கள்.

நண்பர் ஒருவரின் மகன் ஹைஸ்கூல் முடிப்பதற்குள் அசோசியேட் டிகிரி என்ற இரண்டாண்டுப் பட்டமே வாங்கிவிட்டான். 63 மணி. ஹைஸ்கூல் பட்டமளிப்புக்கு முன்பே காலேஜ் பட்டமளிப்பு. வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்ந்தான். ஜூலையில் அவனுடைய டிகிரி ஆடிட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்கள். பட்டத்துக்கு வேண்டியதெல்லாம் வரிவரியாக, முடித்ததற்குப் பச்சை டிக், முடிக்காததற்குச் சிவப்பு. மேலே இங்கிலீஷ் 1301, 1302 பச்சை. ஹிஸ்டரி இரண்டும் பச்சை. கவர்ன்மென்ட் இரண்டும் பச்சை. கணக்கு வரி சிவப்பு. அவன் எடுத்திருந்தது காலேஜ் அல்ஜீப்ரா, இன்ஜினியரிங் கேட்பது கால்குலஸ். பிசிக்ஸ் சிவப்பு. தாளின் அடியில், எந்த வரியோடும் சேராத சாம்பல் நிறப் பெட்டிக்குள் சோஷியாலஜி, நியூட்ரிஷன், இன்னொரு சைக்காலஜி, ஸ்பானிஷ் என்று ஒரு பட்டியல். எண்ணிப் பார்த்தேன். 63இல் 30 மேலே ஏறியிருந்தது, 33 அந்தப் பெட்டியில் கிடந்தது. கிரெடிட் எல்லாமே "ஏற்கப்பட்டது" என்றுதான் பல்கலையின் கடிதம் சொன்னது. பொய் இல்லை. ஏற்றுக்கொண்டு பரணில் போட்டுவிட்டார்கள்.

சரி, மேலே ஏறிய 30 மணிக்காவது ஒரு வருஷம் குறைந்ததா? அதுவும் இல்லை. இன்ஜினியரிங்கில் கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, இரண்டு முடித்தால்தான் மூன்று, அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். பிசிக்ஸ் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ், அதன் பிறகு டைனமிக்ஸ். இப்படிச் சங்கிலியாகப் போய் கடைசி வருஷ டிசைன் புராஜெக்டில் முடியும். குக்கரில் பருப்பு வேகாமல் சாம்பார் ஆகாது. பக்கத்து அடுப்பில் அப்பளம் பொரித்து முடித்ததால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடாது. அந்தப் பையன் பொரித்துவைத்ததெல்லாம் அப்பளம். எட்டு செமஸ்டர்தான் படித்தான். செமஸ்டருக்கு 17 மணிக்குப் பதில் 12, 13 எடுத்துக் கொஞ்சம் மூச்சுவிட்டுப் படித்தான். அதுவும் ஒரு லாபம்தான், ஆனால் பிரியாணி போட்டபோது எதிர்பார்த்த லாபம் வேறு.

என் மகள் கொண்டுபோனது இருபது மணி. எல்லாம் ஏபி. கால்குலஸ் பிசி தேர்வில் 5க்கு 5, அதற்கு 8 மணி. கெமிஸ்ட்ரிக்கு 8, பிசிக்ஸ் சி மெக்கானிக்ஸுக்கு 4. மூன்றுமே சங்கிலியின் ஆரம்பக் கண்ணிகள். ஏழு செமஸ்டரில் முடித்துவிட்டாள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. எத்தனை கிரெடிட் என்று எண்ணாதீர்கள். அது எந்தக் கட்டத்தில் விழும், அந்தக் கட்டம் நீளமான சங்கிலியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஏபி. 1950களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸெட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று வசதியான தனியார் பள்ளிகளும் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் பல்கலைகளும் உட்கார்ந்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் படித்ததையே காலேஜ் முதல் வருஷத்தில் திரும்பப் படிக்கிறார்களே என்று பேசியதில் பிறந்த யோசனை இது. 1955இல் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பின் கைக்கு வந்தது. பாடத்தைப் பள்ளி ஆசிரியர் நடத்துவார், மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண், ஜூலையில் முடிவு. ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர். வருஷம் முழுக்கப் படிக்கும் பாடமென்றால் நவம்பர் நடுவிலேயே பள்ளி வழியாகத் தேர்வுக்குப் பதிந்துவிட வேண்டும், தவறினால் 40 டாலர் தண்டம்.

ஏபியின் பெரிய வசதி, அது காலேஜ் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. 2 வாங்கினால் அழுதுவிட்டு மறந்துவிடலாம். பள்ளி கிரேடு பள்ளியோடு போயிற்று. பெரிய தொல்லை, ஒரு வருஷ உழைப்புக்கும் மே மாதத்து மூன்று மணி நேரம்தான் கணக்கு. அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் அவ்வளவுதான்.

3 வாங்கினால் கிரெடிட் உண்டா? டெக்சஸில் 2015இல் வந்த சட்டப்படி, அரசுக் காலேஜ்களும் பல்கலைகளும் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு 3க்கே கிரெடிட் தர வேண்டும். இன்னும் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அடுத்த பாடத்தில் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பல்கலை சான்று காட்டினால் ஒழிய. ஃபுளோரிடா, இல்லினாய்ஸ் மாநிலங்களிலும் 3தான் அளவு. பெயர்பெற்ற தனியார் பல்கலைகள் பக்கம் போனால் கதை மாறும். 4 அல்லது 5 வேண்டும், அதுவும் சில பாடங்களுக்கு மட்டும். டார்ட்மத் பத்து வருஷத்துக்கு முன்பே ஏபிக்குக் கிரெடிட் தருவதை நிறுத்திவிட்டது. கால்டெக் தருவதில்லை. பிரௌனில் பட்டத்துக்கான எண்ணிக்கையில் ஏபி சேராது. அங்கெல்லாம் ஏபி உள்ளே நுழைய உதவும், உள்ளே போனபின் கட்டணத்தைக் குறைக்காது.

இன்னொன்று. அண்மையில் காலேஜ் போர்டு மதிப்பிடும் முறையை மாற்றியதில், சில பாடங்களில் 3 வாங்குவது எளிதாகியிருக்கிறது. அமெரிக்க வரலாற்றில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 2023இல் நூற்றுக்கு 48 பேர். 2024இல் 72 பேர். ஒரே வருஷத்தில் பிள்ளைகள் அத்தனை கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. பல்கலைகளும் நம்பப்போவதில்லை. இன்றைக்கு 3க்குத் தருகிற இடம் மூன்று வருஷம் கழித்தும் தரும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 4 அல்லது 5 வரக்கூடிய பாடமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

எந்த ஏபி என்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பிசிக்ஸ் 1 அல்ஜீப்ராவை வைத்து நடத்துவது. இன்ஜினியரிங் கேட்பது கால்குலஸ் பிசிக்ஸ். அதற்குப் பிசிக்ஸ் சி எடுத்தால்தான் கட்டத்தில் விழும். என்விரான்மென்டல் சயின்ஸ் எடுத்தால் பயாலஜி மேஜருக்கு உதவாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ், பல கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகளில் வெறும் எலெக்டிவ். அங்கே கேட்பது 'ஏ' என்று முடிகிற மற்றொன்று. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நல்ல பாடம், சமூக அறிவியல் படிப்பவர்களுக்கு நேராகப் பயன்படும், இன்ஜினியருக்குப் பெரும்பாலும் பயன்படாது. இவையெல்லாம் எடுக்கக்கூடாத பாடங்கள் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் எடுக்கட்டும், ஆனால் காசு மிச்சம் என்ற கணக்கில் எழுதிவைக்க வேண்டாம்.

அடுத்தது டூயல் கிரெடிட். வேறு மாநிலங்களில் டூயல் என்ரோல்மென்ட் என்பார்கள். மினசோட்டா 1985இலேயே சட்டம் போட்டு ஆரம்பித்தது. 2022-23இல் நாடெங்கும் சுமார் 25 லட்சம் ஹைஸ்கூல் பிள்ளைகள் இப்படிக் காலேஜ் பாடம் எடுத்தார்கள். ஒரே பாடத்துக்குப் பள்ளியிலும் கிரெடிட், காலேஜிலும் கிரெடிட். சில சமயம் காலேஜ் வளாகத்துக்குப் போவார்கள், சில சமயம் ஆன்லைன். பெரும்பாலும் அதே ஹைஸ்கூல் வகுப்பறையில், முதுகலைப் பட்டமும் அந்தத் துறையில் 18 மணி முதுகலைப் படிப்பும் உள்ள பள்ளி ஆசிரியரே நடத்துவார். டெக்சஸில் இதற்கு முன் டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வு ஒன்று உண்டு. காலேஜ் சேர்க்கைத் தேர்வுகளான எஸ்ஏடி, ஏசிடியில் மதிப்பெண் போதிய அளவு இருந்தால் விலக்கு.

டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்குள் இதை மாற்றுவது சுலபம், காரணம் பொதுப் பாட எண்கள். டிரான்ஸ்கிரிப்டில் 1301 என்று பார்த்தால் முதல் 1 முதலாண்டு நிலை, இரண்டாவது எண் 3 என்பது கிரெடிட் மணி. கால்குலஸ் ஒன்று மேத் 2413. அந்த 4ஐப் பார்த்ததும் நாலு மணி என்று தெரிந்துவிடும். இந்த எண் இருந்தால் எனக்கு வேலை முப்பது நொடி. 42 மணி கோர் முழுவதையும் முடித்துவிட்டால், இன்னொரு அரசுப் பல்கலை அதை மொத்தமாக ஏற்க வேண்டும் என்பது விதி. பாதியில் விட்டால் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். மாநிலம் தாண்டினாலோ தனியாரிடம் போனாலோ இந்தச் சலுகை இல்லை. "ஹைஸ்கூல் டிப்ளமோவுக்குக் கணக்கு வைத்த பாடத்தை நாங்கள் ஏற்பதில்லை" என்றும், "ஹைஸ்கூல் கட்டடத்தில் நடந்த வகுப்பை ஏற்பதில்லை" என்றும் சொல்லும் தனியார் பல்கலைகள் பல.

டூயல் கிரெடிட்டில் பெற்றோர் அறியாத ஒன்று உண்டு, நான் தினம் பார்ப்பது. இது உண்மையான காலேஜ் கிரேடு. 16 வயதில் வாங்கிய சி, 30 வயதிலும் அந்த டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும். என் மூத்த மகனை பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஹிஸ்டரி 1301இல் சேர்த்தேன். கோடை வகுப்பு ஐந்து வாரம். பதினாறு வாரப் பாடத்தை ஐந்து வாரத்தில் நடத்தினால் ஒரு வாரம் மூன்று வாரத்துக்குச் சமம் என்பது எனக்குத் தெரியும், அலுவலகத்தில் மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் ஆள் நான்தான். இரண்டாம் வாரம் நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகிற டிக்கெட். விமானத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதினான் பாவம். சி வந்தது. பள்ளிக் கணக்கில் கோடையோடு போன அந்த சி, பின்னால் அவன் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மருத்துவம் என்றால் இது இன்னும் முக்கியம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில், நாடளாவிய ஏம்காஸ் ஆகட்டும், டெக்சஸின் டிஎம்டிஎஸ்ஏஎஸ் ஆகட்டும், வாழ்நாளில் எடுத்த ஒவ்வொரு காலேஜ் பாடத்தையும் காட்ட வேண்டும். ஹைஸ்கூலில் எடுத்ததும் சேர்ந்தே ஜிபிஏ என்ற கிரேடு சராசரியைக் கணக்கிடுவார்கள். நிறைய ஏ வந்தால் அதே விதி சாதகம். ஆனால் அந்த வயதில் கெமிஸ்ட்ரியை டூயல் கிரெடிட்டாக எடுத்து பி, சி வாங்குவது, டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்குத் தேவையில்லாத சுமை.

அதற்கு ஒரு நல்ல நடுவழி இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம், அதாவது யூடி ஆஸ்டின், நடத்தும் ஆன்ராம்ப்ஸ். உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளிக்கு ஒரு கிரேடு, காலேஜுக்கு ஒரு கிரேடு என்று தனித்தனியாக வரும். காலேஜ் கிரேடைப் பார்த்தபிறகு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளை தீர்மானிக்கலாம்.

அம்மா அப்பாக்களுக்கு ஒரு சொந்த எச்சரிக்கை. காலேஜ் பாடம் என்றானதும் ஃபெர்பா என்ற 1974ஆம் வருஷத்துச் சட்டம் வந்துவிடும். பிள்ளைக்குப் பதினைந்து வயதானாலும் காலேஜ் பதிவுகள் பிள்ளைக்குச் சொந்தம். வாரத்துக்கு ஒரு தாயாவது எனக்கு போன் செய்து "என் பையன் அசைன்மென்ட் குடுத்தானா, பாத்துச் சொல்லுங்க" என்பார். தமிழ்க் குரல் கேட்டதும் "அண்ணா" என்று வேறு ஆரம்பிப்பார்கள். பையன் கையெழுத்திட்ட படிவம் கோப்பில் இல்லையென்றால் நான் வாயைத் திறக்க முடியாது. ஆசிரியருக்கு மெயில் போடுவது, கெடு தவறினால் கேட்பது, எல்லாம் பிள்ளையே செய்ய வேண்டும். உங்கள் மகள் கேட்காமலே வீட்டுப்பாடம் செய்யும் ரகமா, நினைவூட்டினால் செய்யும் ரகமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏபியா டூயலா என்பதில் பாதித் தீர்ப்பு அதில் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் என்றால் இப்படிச் செய்வேன். இங்கிலீஷ் 1301, 1302 இரண்டையும் பதினொன்றாம் வகுப்பில் டூயல் கிரெடிட்டாக எடுக்கட்டும். எல்லா மேஜருக்கும் உதவும், கட்டம் தப்பாது. அமெரிக்க வரலாறு ஏபியோ டூயலோ, பள்ளியில் எந்த ஆசிரியர் நல்லவரோ அவரிடம். அரசியல் பாடத்தை மட்டும் ஏபியில் எடுக்காமல் டூயலில் எடுங்கள். காரணம் சின்னது, ஆனால் வருஷா வருஷம் ஆட்களைக் கவிழ்ப்பது. டெக்சஸ் அரசுப் பல்கலையில் யார் பட்டம் வாங்கினாலும் 6 மணி அரசியல் படிக்க வேண்டும் என்று சட்டம். அதில் டெக்சஸ் மாநில அரசமைப்பும் வர வேண்டும். ஏபி கவர்ன்மென்டில் டெக்சஸ் கிடையாது. அதனால் 5 வாங்கினாலும் மத்திய அரசு பற்றிய 2305 வரிதான் பச்சையாகும், டெக்சஸ் அரசு பற்றிய 2306 சிவப்பாகவே நிற்கும். டூயலில் இரண்டையும் முடித்துவிடலாம்.

கணக்கும் அறிவியலும் ஏபியில். கால்குலஸ் பிசி எழுத முடிந்தால் அதைவிட லாபமான நூறு டாலர் இந்த நாட்டில் எதிலும் கிடையாது. ஒரே தேர்வில் இரண்டு செமஸ்டர் கணக்கு. இன்ஜினியரிங் பக்கம் சாய்ந்தால் பிசிக்ஸ் சி. கெமிஸ்ட்ரி, பயாலஜி எடுக்கட்டும், ஆனால் மருத்துவம் உறுதி என்றால் அந்தக் கிரெடிட்டை எண்ணி ஒரு வருஷம் குறைக்கத் திட்டமிட வேண்டாம். மருத்துவக் கல்லூரிகள் இதில் ஒரே மாதிரி இல்லை. ஏபியை ஏற்றுக்கொண்டாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றைக் காலேஜில் எடுத்துக் காட்டச் சொல்பவை நிறைய. தவிர மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படிப்பு, ஆஸ்பத்திரியில் தொண்டு, ஆராய்ச்சி என்று அந்த நாலு வருஷமே போதாமல்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். பல பல்கலைகளில் ஏபி கிரெடிட்டைக் கோருவதா விடுவதா என்பது மாணவர் கையில்; முதல் ஆலோசகர் சந்திப்புக்கு முன் எல்லாவற்றையும் "ஏற்கிறேன்" என்று அழுத்திவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நாலு வருஷத்தில் ஆறேழு ஏபி தாராளம். பதினான்கு எடுத்த பிள்ளைகளின் பட்டியலும் என் மேசைக்கு வருகிறது. எட்டாவதுக்குப் பிறகு பெரும்பாலும் அந்தச் சாம்பல் பெட்டிதான்.

இடையில் கிளாஸ் ரேங்க், அதாவது வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது, வந்து குறுக்கே நிற்கும், அதையும் மனதில் வையுங்கள். 1997 சட்டப்படி டெக்சஸில் வகுப்பின் முதல் 10 சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைகளில் நேரடி இடம். யூடி ஆஸ்டினில் மட்டும் அது சுருங்கிச் சுருங்கி, 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். அதுவும் பல்கலைக்குள் நுழையத்தான். கேட்ட மேஜர் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஏபிக்கு எவ்வளவு கூடுதல் எடை, டூயலுக்கு எவ்வளவு என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. சில இடங்களில் டூயலுக்குக் குறைவு. அங்கே டூயல் எடுத்து ஏ வாங்கியவள், ஏபியில் ஏ வாங்கியவளுக்குப் பின்னால் போய்விடுவாள். கவுன்சலரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

காசு விஷயம். 2024-25இல் சொந்த மாநில அரசுப் பல்கலைக் கட்டணம் நாட்டுச் சராசரியில் 11,610 டாலர். தங்குவதும் சாப்பாடும் தனி. ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்தால் கட்டணத்திலேயே ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம், வாடகையையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் யூடி ஆஸ்டின் உட்படப் பல இடங்களில் முழுநேர மாணவருக்கு ஒரே கட்டணம். 12 மணி எடுத்தாலும் 17 மணி எடுத்தாலும் அதே பில்தான். ஆகவே கிரெடிட் குறைவதால் காசு குறையாது, செமஸ்டர் குறைந்தால்தான் குறையும். டூயல் கிரெடிட்டுக்கான கட்டணம் காலேஜுக்குக் காலேஜ் மாறும். பள்ளியில் இலவச, சலுகை விலை உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு 2023இல் வந்த சட்டத்தின்கீழ் அதில் சேர்ந்த காலேஜ்களில் இலவசம்.

வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் பிள்ளை இருந்தால் இன்னொரு கணக்கு. 21 வயதில் பிள்ளை அந்த விசாவிலிருந்து வெளியே வந்துவிடுவாள். கிரீன் கார்டு வராவிட்டால் பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசா. அதில் செமஸ்டருக்கு 12 மணி கட்டாயம், கடைசி செமஸ்டருக்கு மட்டும் சலுகை. கையில் கிரெடிட் நிறைய இருந்து எடுக்கப் பாடம் இல்லாமல் தவிப்பது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் நடக்கிறது. சேரும் முன்பே வக்கீலிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

மற்றவை சுருக்கமாக. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டப் பள்ளியில் படித்தால் ஹையர் லெவல் பாடங்களில் 5 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பெரும்பாலும் கிரெடிட் உண்டு, ஸ்டாண்டர்டு லெவலுக்குக் குறைவு. கிளெப் என்று காலேஜ் போர்டின் இன்னொரு தேர்வு 1967இலிருந்து இருக்கிறது. வயது வரம்பில்லை, வகுப்பும் தேவையில்லை, ஒன்றரை மணி நேரம், 80க்கு 50 வந்தால் போதும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு இதற்கான பாடங்களை இலவசமாகத் தந்து, முடித்தால் தேர்வுக் கட்டணத்தையும் கட்டுகிறது. அரசுப் பல்கலைக்கு உதவும், பெயர்பெற்ற தனியாருக்கும் மருத்துவத்துக்கும் உதவாது. ஏபியில் தமிழ் இல்லை. சில பள்ளி மாவட்டங்களில் வார இறுதித் தமிழ்ப்பள்ளிப் படிப்புக்கு அயல்மொழி கிரெடிட் தருகிறார்களே, அது ஹைஸ்கூல் கிரெடிட். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிடைத்தால் ஸ்பானிஷுக்குப் போகும் நேரம் வேறொரு பாடத்துக்கு மிச்சமாகும், அந்த வகையில் லாபம்.

இந்தக் கோடையில் ஒரு மாலை மகளோடு உட்கார்ந்து, அவள் நினைக்கும் மூன்று பல்கலைகளின் பெயரோடு ஏபி கிரெடிட் பட்டியலைத் தேடுங்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்கு அந்தப் பல்கலை போட்டிருக்கும் எட்டு செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஏபியும் எந்தப் பாடத்தில் போய் விழுகிறது என்று பென்சிலால் கோடு இழுங்கள். கோடு எங்கும் போய்ச் சேராத பாடங்கள் உடனே தெரிந்துவிடும். கவுன்சலர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கு நானூறு பிள்ளைகள் இருந்தால் இந்தக் கோட்டை யாருக்கும் உட்கார்ந்து இழுக்க மாட்டார்.

டூயல் கிரெடிட் எடுத்தால், ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பாடம் முடிந்ததும் ஆன்லைன் வகுப்புப் பக்கம் மூடிவிடும், பிறகு கிடைக்காது. போன ஆகஸ்டில் வேறு மாநிலத்தில் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் பயாலஜி பாடத்தை, லேப் இல்லை என்று வெறும் எலெக்டிவாகப் பதிந்தேன். மறுநாள் காலை பதினோரு பக்க சிலபஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஏழாம் பக்கத்தில் வாராவாரம் லேப் அட்டவணை இருந்தது. துறைத்தலைவரிடம் அனுப்பினேன், மதியத்துக்குள் நாலு மணியும் பயாலஜி கட்டத்துக்கு மாறிவிட்டது.